தொலைவிலிருந்து வரும் வாக்கு

தேர்தல் முடிவு வெளியாகும் நாளில், காலை எட்டு மணிக்கு முதன்முதலாக எண்ணப்படுவன தபால் வாக்குகளே. சால்ட் லேக்கில் வாழும் நாம் அன்று தமிழ்நாட்டுச் செய்தி காண அமரும்போது, தபால் வாக்கில் இன்னார் முந்துகிறார் என்ற வரியைப் படித்துவிட்டு, அதனைப் பொருட்படுத்தாது காபிக்கு எழுந்து செல்கிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னே நெடிய வரலாறு உண்டு. பிள்ளைகளை ராணுவத்துக்கும் கடல் கடந்த தேசங்களுக்கும் அனுப்பிவிட்டு அமர்ந்திருக்கும் குடும்பங்கள் நம் காலனியில் பலவாதலின், அதனை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

போர்முனையில் நிற்பவன் எவ்வாறு வாக்களிப்பது என்னும் கேள்வி பழையது. முதல் உலகப் போர் ஓய்ந்தவுடன் பிரிட்டனில் 1918 டிசம்பர் 14ஆம் நாள் தேர்தல் நடந்தது. பிரான்சில் இருந்த சிப்பாய்களின் தபால் வாக்குகள் வந்து சேரும்பொருட்டு, வாக்குகளை எண்ணாமல் டிசம்பர் 28 வரை காத்திருந்தனர். அதனினும் தொலைவில் இருந்தோர் பதிலாள் ஒருவரை நியமித்து வாக்களித்தனர்.

நம் நாட்டில் 1950, 1951ஆம் ஆண்டுகளின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்கள் இதற்கு வழி செய்தன. முப்படையினர், வெளிமாநிலத்தில் பணிபுரியும் ஆயுதப் போலீசார், அயல்நாட்டில் அமர்த்தப்பட்ட சர்க்கார் உத்தியோகஸ்தர் ஆகியோர் ‘பணி வாக்காளர்’ எனப்பட்டனர். அவர்கள் எங்கிருப்பினும் சொந்த ஊரில் வசிப்பவராகவே கருதப்படுவர். உடன் வாழும் மனைவிக்கும் அவ்வுரிமை உண்டு. ஆனால் பெண் அதிகாரியின் கணவருக்கு அது இல்லை! 2021ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே ‘மனைவி’ என்ற சொல்லை நீக்கி, இருபாலார்க்கும் பொருந்தும் சொல்லை அவ்விடத்தில் வைத்தது. எழுபது ஆண்டுகள் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தனர் என்க.

உரிமை ஏட்டில் இருந்தது, காலந்தான் இல்லை. வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் கழிந்த பின்னரே வாக்குச் சீட்டை அச்சிட இயலும். அந்நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே முன்னர் இருபது நாளேனும் இருத்தல் வேண்டும் என்றிருந்த விதி, 1996ஆம் ஆண்டில் பதினான்கு நாளாகக் குறைக்கப்பட்டது. இதற்குள் சீட்டு அச்சாகி, உறையிலிடப்பட்டு, ராணுவத் தபால் வழியே மலை முகட்டுக்குச் சென்று, குறியிடப்பட்டுத் திரும்ப வேண்டும். கிழக்கெல்லைப் படைகளுக்குரிய ‘99 ஏ.பி.ஓ.’ தபாலைப் பிரித்தனுப்பும் தலைமை நிலையம் நம் கல்கத்தாவிலேயே உள்ளது. எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குப் பின் வந்த உறை பிரிக்கப்படுவதே இல்லை. ரயில்வேயில் கால அட்டவணையோடு வாழும் நமக்கு இக்கணக்கு நன்கு விளங்கும்: வண்டி ஓரிடத்தில் தாமதித்தால் இணைப்பு வண்டி போய்விடும்.

2003ஆம் ஆண்டில் படையினர்க்குப் பதிலாள் முறை கொண்டுவரப்பட்டது. ஊரிலுள்ள ஒருவரை நியமித்தால் அவர் சாவடிக்குச் சென்று இவருக்காக வாக்களிப்பார். தாமதம் நீங்கிற்று, ஆனால் தன் மனத்தைப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

பெரிய மாறுதல் தமிழ் மண்ணிலேயே தொடங்கியது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. 2016 அக்டோபரில் விதி திருத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 19ஆம் நாள் புதுச்சேரி நெல்லித்தோப்புத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் மின்வழி தபால் வாக்குச் சீட்டு முதன்முதலில் சோதிக்கப்பட்டது. அப்போதைய முதல்வர் நாராயணசாமி வென்ற தேர்தல் அது. தேர்தல் அதிகாரி சீட்டைக் கணினி வழியே அனுப்புகிறார். படைவீரர் இரகசிய எண்ணைக் கொண்டு அதனைத் திறந்து, அச்செடுத்துக் குறியிடுகிறார். சீட்டு உள்ளுறையிலும், சான்றொப்பம் பெற்ற உறுதிமொழித் தாள் வெளியுறையிலும் செல்லும். உறைமேல் உள்ள கட்டக் குறியீட்டை எண்ணும் இடத்தில் கருவி படித்து, ஒருவர் இரு சீட்டு அனுப்பினாரா என்று கண்டுபிடிக்கும். 2019 மக்களவைத் தேர்தலில் பதிவு பெற்றிருந்த பணி வாக்காளர் 18 லட்சத்துக்கு மேற்பட்டோர். வந்து சேர்ந்த சீட்டுகள் 10 லட்சத்தைக் கடந்தன.

ஆயினும் நோக்குக: சீட்டு செல்வது மின்வழி, திரும்புவது இன்றும் தபால் வழியே. பாதித் தொலைவே குறைந்தது. மறுபாதியையும் ஏன் குறைக்கவில்லை எனின், இரகசியமே காரணம் என்போம். எஸ்டோனியா நாடு 2005 முதல் இணையவழி வாக்கை ஏற்று, 2023இல் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளை அவ்வழியே பெற்றது. அமெரிக்காவிலோ, மின்னஞ்சலில் சீட்டைத் திருப்பியனுப்பும் படைவீரர், தம் இரகசிய உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பல மாநிலங்களில் எழுதித் தர வேண்டும். அத்தகைய கைச்சாத்தை நம் வீரரிடம் கேட்பது தகாது என்பதே நம் எண்ணம்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்தியக் குடிமக்களான அவர்கள் ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும். 2024இல் அவ்வாறு பதிந்தோர் 1,19,374 பேர். வந்து வாக்களித்தோர் 2,958 பேர். அவருள் 2,670 பேர் கேரளத்தினர். விமானக் கட்டணம் கொடுத்து ஒரு வாக்கு! இவர்கட்குப் பதிலாள் உரிமை தரும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியும், மேலவையைக் காணாமலே காலாவதியாயிற்று. மின்வழிச் சீட்டை இவர்கட்கும் அனுப்பலாம் எனத் தேர்தல் கமிஷன் 2020இல் சர்க்காருக்கு எழுதியது. 2021இல் தமிழ்நாடும் மேற்கு வங்கமும் ஒருங்கே தேர்தலைக் கண்டபோதும் அது நடைமுறைக்கு வரவில்லை.

காலனியில் பிள்ளையை ராணுவத்துக்கு அனுப்பிய பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். பணி வாக்காளர் பெயர்கள் சொந்தத் தொகுதிப் பட்டியலின் கடைசிப் பாகத்தில் தனியே அச்சிடப்படும். ஊருக்குச் செல்லும்போது முதற் பக்கங்களில் தேடிவிட்டு, பெயர் இல்லை என்று திரும்பிவிட வேண்டா; கடைசிப் பாகத்தைப் புரட்டிப் பார்க்கவும். அங்கும் காணாவிடில், பிள்ளைக்குக் கடிதம் எழுதி, அவர் படைப்பிரிவு வாயிலாக இரண்டாம் எண் படிவம் நிரப்பி அனுப்பச் சொல்லவும்.