கம்பெனி வெப்சைட்டின் சாவி உங்க கையில் இருக்கா? சிபேனலை உரிமையாளரே கையாள்வது எப்படி? - முழு விவரம்

ராயபுரம், டோல்கேட், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னை தொழில் பகுதியில் சரக்கு போக்குவரத்து ஆபீஸ் முதல் லேத் பட்டறை வரை இன்று பலரிடம் சொந்த வெப்சைட் உண்டு. ஆனால் "பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டால், "வெப்சைட் போட்டுக் கொடுத்த தம்பிகிட்டதான்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். அந்த தம்பி வேறு ஊருக்குப் போய்விட்டால்? போன் எடுக்காவிட்டால்? கட்டணம் கட்டியது நீங்கள்தான் என்றாலும், சாவி கையில் இல்லாத கடைக்குச் சமம்தான் அந்த வெப்சைட்.

மொத்தம் மூன்று சாவிகள்

முதலாவது டொமைன், அதாவது உங்கள் இணைய முகவரி. இரண்டாவது ஹோஸ்டிங் கணக்கு. வெப்சைட் இருக்கும் இடத்துக்கு வாடகை கட்டும் கணக்கு இது. மூன்றாவது கன்ட்ரோல் பேனல். அந்த இடத்துக்குள் நுழைந்து வேலை பார்க்கும் அறை. இந்த மூன்றுக்கும் லாகின் தனித்தனி. ஒன்று இருந்தால் போதும் என்று நினைப்பதுதான் பலரும் சறுக்கும் இடம்.

சிபேனல் என்றால் என்ன?

கன்ட்ரோல் பேனல்களில் அதிகம் பேருக்குத் தெரிந்த பெயர் சிபேனல். 1996-ல் அமெரிக்காவில் உருவானது. பிளெஸ்க், டைரக்ட்அட்மின் போன்றவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சர்வருக்குக் கட்டளைகளை டைப் செய்யத் தெரியாதவர்கூட, படங்களையும் பட்டன்களையும் அழுத்தியே வெப்சைட்டை நிர்வகிக்கலாம்.

உள்ளே போவதும் எளிது. உங்கள் வெப்சைட் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'சிபேனல்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால், பெரும்பாலான நிறுவனங்களில் லாகின் பக்கம் வரும். வராவிட்டால் ஹோஸ்டிங் கணக்கில் உள்ள பட்டன் மூலம் போகலாம்.

எந்த பட்டன் எதுக்கு?

ஃபைல் மேனேஜர்: வெப்சைட்டின் பக்கங்கள், படங்கள் எல்லாம் இங்கே இருக்கும். 'பப்ளிக் ஹெச்டிஎம்எல்' என்ற ஃபோல்டரில் இருப்பதுதான் வெளியே தெரியும். தெரியாமல் எதையும் அழிக்க வேண்டாம்.

டேட்டாபேஸ்: வேர்ட்பிரஸில் செய்த வெப்சைட் என்றால் கட்டுரைகள், பொருள் விவரங்கள், பயனர் கணக்குகள் எல்லாம் இதில்தான் சேமிக்கப்படும்.

எஸ்எஸ்எல்: முகவரியை பாதுகாப்பான இணைப்பாகக் காட்டுவது இது. 2018 ஜூலை முதல், எஸ்எஸ்எல் இல்லாத வெப்சைட்டுகளை 'பாதுகாப்பற்றது' என்றே குரோம் பிரவுசர் காட்டுகிறது. இதற்குத் தனியாகப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இலவச சான்றிதழ்களைப் பல நிறுவனங்கள் தானாகவே புதுப்பித்துத் தருகின்றன.

ஸோன் எடிட்டர்: முகவரிக்கு வருபவர்களையும் மெயில்களையும் எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் இடம். இதில் ஒரு வரி தப்பானால் மொத்த ஆபீஸ் மெயிலும் நின்றுபோகும். மாற்றும் முன் பழைய விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது.

கவனிக்கப்படாத ஆபத்து இமெயிலில்

வெப்சைட் முடங்கினால் உடனே தெரிந்துவிடும். மெயில் திருடப்பட்டால் தெரியாது. பாஸ்வேர்டைக் கைப்பற்றிய மோசடிக்காரர், சிபேனலில் 'ஃபார்வர்டர்ஸ்' அல்லது 'ஃபில்டர்ஸ்' பகுதியில் தன் முகவரியைச் சேர்த்துவிட்டால் போதும். வரும் மெயிலின் நகல் எல்லாம் அவருக்கும் போகும். பெரிய தொகைக்கு பில் அனுப்பும் நேரம் பார்த்து, "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு" என்று உங்கள் பெயரிலேயே வாடிக்கையாளருக்கு மெயில் போகும். பணம் போய்ச் சேர்வது வேறொருவர் கணக்கில்.

அதனால் மாதம் ஒருமுறையாவது இந்த இரண்டு பகுதிகளையும் திறந்து பாருங்கள். தெரியாத முகவரி இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்குங்கள், உடனே பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலை மட்டும் நம்பி ஏற்காமல், ஏற்கனவே தெரிந்த எண்ணுக்கு போன் செய்து உறுதி செய்வது அவசியம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் தரலாம்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதுமா?

போதாது. சிபேனலில் 'ஃபுல் பேக்கப்' என்று ஒரு வசதி உண்டு. ஆனால் அந்த ஃபைலை வாடிக்கையாளர் தன் சிபேனல் வழியாகவே திரும்ப ஏற்ற முடியாது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவி தேவை. ஹோம் டைரக்டரி, டேட்டாபேஸ் இரண்டையும் தனித்தனியாக டவுன்லோட் செய்து வைத்தால் நீங்களே மீட்டெடுக்கலாம். பேக்கப்பை அதே சர்வரில் விட்டு வைப்பதில் பயனில்லை. சர்வர் போனால் அதுவும் சேர்ந்தே போகும். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும், தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. டொமைன் வாங்கிய நிறுவனத்தின் கணக்கில் உரிமையாளர் பெயரும் இமெயிலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வேறொருவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக் கேளுங்கள். காலாவதி தேதியையும் குறித்து வையுங்கள். டாட் காம் முகவரி காலாவதியாகி நீக்கப்பட்டால், 30 நாட்கள் வரை கூடுதல் கட்டணத்தில் மீட்கலாம். அதற்குப் பின் 5 நாட்களில் யார் வேண்டுமானாலும் வாங்கும்படி பொதுச் சந்தைக்குப் போய்விடும்.

ஊழியரோ டெவலப்பரோ விலகும்போது செய்ய வேண்டியவை

1. மூன்று கணக்குகளின் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றுங்கள்.

2. 'டூ ஃபேக்டர்' பாதுகாப்பை உங்கள் போனில் இயக்குங்கள்.

3. தேவையில்லாத எஃப்டிபி, இமெயில், வேர்ட்பிரஸ் கணக்குகளை நீக்குங்கள். இமெயில் கணக்கை நீக்கினால் அதில் உள்ள மெயில்களும் போய்விடும் என்பதால் முதலில் நகல் எடுங்கள்.

4. 'கான்டாக்ட் இன்ஃபர்மேஷன்' பகுதியில் உங்கள் இமெயில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இமெயில் இதே டொமைனில் இல்லாமல் வேறாக இருப்பது நல்லது. வெப்சைட் முடங்கினாலும் எச்சரிக்கை வந்து சேரும்.

5. சிபேனல் முகப்பில் கடைசியாக நுழைந்தவரின் ஐபி முகவரி தெரியும். அது உங்களுடையதா என்று ஒப்பிடுங்கள்.

டெவலப்பரை நம்பக் கூடாது என்பதல்ல இதன் அர்த்தம். வேலையை அவர் பார்க்கட்டும். பில் கட்டுபவர் பெயரில் டொமைனும், அவர் கையில் மூன்று லாகின்களும் இருந்தால், நாளை யார் விலகினாலும் வெப்சைட்டும் மெயிலும் நிற்காமல் ஓடும்.