டன்கர்க் மீட்பு: வரலாறும் தொன்மமும்

முன்னுரை

போரில் தோற்ற நாடு தன் தோல்வியை மறக்க முயல்வது இயல்பு; அதனைப் போற்றிக் கொண்டாடுவது அரிது. 1940இல் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து பிரித்தானியப் படை பின்வாங்கிய நிகழ்வு அத்தகைய அரிய சான்றாகும். பொதுமக்கள் தம் சிறு படகுகளில் சென்று படையை மீட்டனர் என்னும் தொன்மம் அந்நிகழ்வைச் சூழ்ந்து வளர்ந்தது. அத்தொன்மம் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீட்பின் கணக்கு

மே 26 முதல் ஜூன் 4 வரை 'டைனமோ' என்னும் பெயரில் நடைபெற்ற மீட்புப் பணியில் 3,38,226 பேர் இங்கிலாந்தைச் சென்றடைந்தனர். தொடக்கத்தில் ஏறத்தாழ 45,000 பேரையே மீட்க இயலும் எனக் கருதப்பட்டது. மீட்கப்பட்டோருள் 2,39,446 பேர் துறைமுகத்திலிருந்தும், 98,780 பேர் கடற்கரையிலிருந்தும் அழைத்துச் செல்லப்பட்டனர். துறைமுகத்தின் கிழக்கு அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி நின்ற போர்க்கப்பல்களும் பயணிகள் கப்பல்களுமே பெரும்பங்கினரைச் சுமந்தன என்பது இதனால் புலனாகிறது. சிறு படகுகள் பெரும்பாலும் ஆழமற்ற கரையிலிருந்து வீரர்களைப் பெரிய கப்பல்களுக்குக் கொண்டு சேர்த்தன. அவற்றுள் பலவற்றைக் கடற்படையினரே செலுத்தினர்.

தொன்மத்தின் தோற்றம்

மீட்பினை வெற்றியெனக் கொள்ளலாகாது எனப் பிரதமர் சர்ச்சில் ஜூன் 4 அன்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தார். மறுநாள் எழுத்தாளர் ஜே.பி. பிரீஸ்ட்லி பி.பி.சி. வானொலியில் உல்லாசப் பயணக் கப்பல்களைப் புகழ்ந்து உரையாற்றினார். மக்கள் நினைவில் வேரூன்றியது பிரீஸ்ட்லி தீட்டிய சித்திரமே. பகைவரின் படையெடுப்பை எதிர்நோக்கி அஞ்சியிருந்த மக்களுக்கு, எளியோரே நாட்டைக் காத்தனர் என்னும் கதை ஊக்கம் அளித்தது எனலாம்.

மறைக்கப்பட்டோர்

லீல் நகரில் பிரெஞ்சுப் படையினர் மே 31 வரை போரிட்டுச் செருமானியப் பிரிவுகள் பலவற்றைத் தடுத்து நிறுத்தினர். டன்கர்க்கின் இறுதிக் காவலையும் பிரெஞ்சுப் படையினரே ஏற்றனர். ஜூன் 4 அன்று நகர் வீழ்ந்தபோது அவர்களுள் பல்லாயிரவர் சிறைப்பட்டனர். இந்தியாவிலிருந்து 1939இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட கோவேறு கழுதைப் போக்குவரத்துப் படையினரும் டன்கர்க்கில் இருந்தனர். இவ்விரு திறத்தாரும் தொன்மத்தில் இடம்பெறவில்லை. 2017இல் வெளிவந்த 'டன்கர்க்' திரைப்படம் இந்திய வீரர்களைக் காட்டவில்லை என்னும் கண்டனம் எழுந்ததும் ஈண்டுக் கருதத்தக்கது.

முடிவுரை

படகுகள் சென்றது உண்மை. அவை காத்த உயிர்களும் உண்மை. ஆயினும் பகுதியை முழுமையாக்கியதால், தோழமை நாட்டின் ஈகமும் குடியேற்ற நாட்டு வீரரின் உழைப்பும், 'தனித்து நின்ற தீவு' என்னும் பெருமிதத்துள் மறைந்தன. தொன்மத்தை ஆராய்வோர் அதன் பொய்யை மட்டுமன்றி, அது விட்டுவிட்ட மாந்தரையும் தேடுதல் வேண்டும் என்பதை டன்கர்க் உணர்த்துகிறது.