புளிப்பிலிருந்து புரோட்டான் வரை: அமிலம், காரம், உப்பு என்னும் சொற்களின் வரலாறு

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆசிரியை ஒருவர் ஒரு வினாவை முன்வைத்தார். "மிளகாயும் காரம், சவர்க்காரமும் காரம் என்றால், மிளகாயைத் தேய்த்தாலும் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகுமா என்று மாணவன் கேட்கிறான். என்ன விடை சொல்வது?" என்பதே அவ்வினா. அரங்கில் சிரிப்பு எழுந்தது. தமிழ்க் கலைச்சொற்களில் துல்லியம் இல்லை என்பதற்கு இதுவே சான்று என்று ஒருவர் கூறினார். அக்கூற்று ஏற்கத்தக்கதா என்பதை இச்சொற்களின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நாவே முதற் கருவி

அமிலம் என்பது புளிப்பைக் குறிக்கும் 'அம்ல' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் 'அசிடஸ்' என்பதற்கும் புளிப்பு என்பதே பொருள். காடியைக் குறிக்கும் 'அசிட்டம்' அதன் இனச்சொல்லாகும். 'அல்கலி' என்பது அரபு மொழியில் ஒருவகைச் செடியின் சாம்பலைக் குறித்தது. காரம் என்னும் சொல்லை வடமொழிக் 'க்ஷார' என்பதன் திரிபாகக் கொள்வாரும், கார்த்தல் என்னும் வினையோடு இணைப்பாரும் உளர். எவ்வாறாயினும், நாவும் சாம்பலுமே இச்சொற்களின் பிறப்பிடம் என்பதில் கிழக்கும் மேற்கும் ஒன்றுபடுகின்றன.

சுவையை அடிப்படையாகக் கொண்டும் நுட்பமாகச் சிந்திக்க இயன்றது என்பதற்குச் சுசுருத சங்கிதை சான்றாகும். செடிகளின் சாம்பலைக் கரைத்து வடித்து, சுட்ட சுண்ணாம்பு சேர்த்து, அரிக்கும் தன்மையுடைய காரத்தைக் காய்ச்சும் முறை அந்நூலில் கூறப்பட்டுள்ளது. அக்காரம் மென்மை, இடைநிலை, கடுமை என மூவகைப்படும். காரத்தால் ஏற்பட்ட எரிவைப் புளிப்புப் பொருள் தணிக்கும் என்றும், புளிப்போடு சேர்ந்த காரம் தன் கடுமையை விட்டுவிடுகிறது என்றும் அந்நூல் விளக்குகிறது. இன்று நாம் நடுநிலையாக்கல் என்று அழைக்கும் வினையைச் சுவையின் மொழியில் கூறிய விளக்கம் அது. பிரபுல்ல சந்திர ராய் 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்து வேதியியல் வரலாற்றின் முதற்பகுதி இவ்வகைச் செய்திகளை உலக அறிஞரின் கவனத்துக்குக் கொண்டு சென்றது.

ஐரோப்பாவில் நிகழ்ந்த மாற்றங்கள்

பதினேழாம் நூற்றாண்டில் நாவின் இடத்தைக் கண் பெற்றது. அமிலம் பட்டால் வயலட் மலரின் சாறு சிவப்பாகவும், காரம் பட்டால் பச்சையாகவும் மாறுவதை இராபர்ட் பாயில் 1664ஆம் ஆண்டில் வெளிவந்த நிறங்கள் பற்றிய தம் நூலில் விளக்கினார். 1754ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் ருவெல், அமிலத்தோடு சேர்ந்து உப்பாக உருப்பெறும் பொருள் எதுவோ அதுவே அவ்வுப்பின் அடிப்படை என வகுத்தார். அதன்பின் உப்பு என்பது கடலுப்பு ஒன்றற்கே உரிய பெயராக இல்லாமல் ஒரு பெரும் வகையின் பெயராயிற்று. இவ்வகையைச் சேர்ந்த பேதியுப்பு கைக்கும். ஈய அசிட்டேட்டு என்னும் நச்சுப்பொருள் இனிக்கும்.

இவ்வரலாற்றில் நம் வினாவுக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி லவாய்சியருடையது. அமிலங்கள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட தனிமம் உண்டு என அவர் கருதினார். ஆகவே 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்னும் பொருள்படக் கிரேக்க வேர்களைக் கொண்டு அதற்கு 'ஆக்சிஜன்' எனப் பெயரிட்டார். அக்கருத்து தவறானது. உப்பிலிருந்து பெறப்படும் ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பதை அம்பிரி டேவி 1810ஆம் ஆண்டளவில் நிறுவினார். உலோகத்தால் இடம்பெயர்க்கத்தக்க ஐதரசனே அமிலத்தின் அடையாளம் என லீபிக் 1838ஆம் ஆண்டில் வரையறுத்தார். கொள்கை வீழ்ந்தது, பெயர் நிலைத்தது. இன்றும் உலகம் முழுவதும் ஆக்சிஜன் என்னும் பெயர் அத்தவற்றைச் சுமந்துகொண்டே வழங்குகிறது. அதனால் எந்த ஆய்வும் தடைப்படவில்லை. உயிர்வளி என்னும் நம் தமிழ்ச்சொல்லில் அத்தவறு இல்லை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

பின்னர் வரையறைகள் விரைந்து மாறின. நீரில் ஐதரசன் அயனியைத் தருவது அமிலம், ஐதராக்சைடு அயனியைத் தருவது காரம் என்பது 1880களில் அரீனியசு உருவாக்கிய கொள்கை. 1909ஆம் ஆண்டில் கோபன்கேகனில் சோரன்சன் பி.எச். அளவீட்டை வகுத்தார். 1923ஆம் ஆண்டில் பிரான்ஸ்டெடும் லௌரியும் தனித்தனியே, புரோட்டானைத் தருவது அமிலம், ஏற்பது காரம் என்றனர். அதே ஆண்டில் லூயிஸ் எலக்ட்ரான் இணையைக் கொண்டு மேலும் விரிந்த வரையறையை வழங்கினார். சொல் ஒன்றே, பொருள் நான்கு முறை மாறியது.

தமிழில் இச்சொற்கள்

தமிழ் வழக்கிலும் காரம் என்னும் ஈறு பரந்து கிடக்கிறது. வெண்காரத்தின் கரைசல் காரத்தன்மை உடையது, சவர்க்காரமும் அவ்வாறே. ஆனால் படிகாரத்தின் கரைசலோ அமிலத்தன்மை உடையது. எனவே பெயரைக் கொண்டு பண்பை முடிவு செய்தல் இயலாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் காலத்தில், 1875ஆம் ஆண்டில், 'கெமிஸ்தம்' என்னும் நூல் வெளிவந்தது. துறையின் பெயரையே ஒலிபெயர்த்துக்கொண்ட காலம் அது. வேதியியல் என்னும் பெயர் நமக்கு இன்று இயல்பாகத் தோன்றுவது பிற்காலத்தவரின் தொடர்ந்த பயன்பாட்டால்தான்.

மலேசியத் தமிழரின் வாழ்வில் இவ்வேதியியல் நூலில் மட்டும் இருந்ததில்லை. தோட்டங்களில் இரப்பர்ப் பாலை உறைய வைக்கப் பார்மிக் அமிலமும், உறையாது காக்க அம்மோனியா என்னும் காரமும் பயன்பட்டன. பால் துகள்களைச் சூழ்ந்த புரதத்தின் எதிர்மின்னேற்றமே அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாமல் விலக்கி நிறுத்துகிறது. அமிலம் அம்மின்னேற்றத்தைத் தணிக்கிறது, பி.எச். ஏறத்தாழ 5க்கு இறங்கும்போது பால் உறைகிறது. இவ்வினையை நாள்தோறும் கையால் நிகழ்த்திய தொழிலாளரின் மக்களுக்கு, அதன் விளக்கத்தைத் தம் மொழியில் கேட்கும் உரிமை உண்டு. 2003ஆம் ஆண்டில் அறிவியல், கணிதப் பாடங்களின் பயிற்றுமொழி ஆங்கிலமானது. 2009ஆம் ஆண்டில் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கலைச்சொற்களை வகுப்பறையில் பயன்படுத்தும் பழக்கம் ஒரு தலைமுறை மாணவரிடம் அறுபட்டது. சொற்கள் அகராதியில் இருந்தன, வாயில் இல்லை. அப்பயிலரங்கில் எழுந்த சிரிப்புக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

முடிவுரை

கலைச்சொல்லுக்குத் துல்லியத்தைத் தருவது அதன் வேர் அன்று. அறிஞர் வகுக்கும் வரையறையும் வகுப்பறையின் இடையறாத பயன்பாடுமே ஆகும். இது ஆக்சிஜனுக்கும் பொருந்தும், காரத்துக்கும் பொருந்தும். ஆகவே அம்மாணவனுக்குரிய விடை எளிது. லிட்மஸ் தாள் நீலமாகாது. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கேப்சைசின் வேதியியற் பொருளில் காரம் அன்று. நாக்கு அறியும் காரம் வேறு, லிட்மஸ் அறியும் காரம் வேறு. இவ்விடையைச் சொல்லும் ஆசிரியர், மனிதர் நாவை விட்டுத் தாளுக்கும் தாளை விட்டு அயனிக்கும் எவ்வாறு சென்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்வாராயின், ஒரு சொல்லின் குழப்பமே அறிவியல் வரலாற்றின் முதற்பாடமாக அமையும். அவ்வினாவை எழுப்பிய மாணவன் சிரிப்புக்கு உரியவன் அல்லன்; பாராட்டுக்கு உரியவன்.