அந்தி சாயும் முன் எல்லையைக் கடத்தல்

2020 ஆகஸ்டில் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் தொடங்கிய ‘லவ்கிராஃப்ட் கண்ட்ரி’ தொடரின் முதல் பகுதியில், மூன்று கறுப்பினப் பயணிகளை வெள்ளையின ஷெரிஃப் ஒருவர் காட்டுச் சாலையில் மறிக்கிறார். சூரியன் மறையச் சில நிமிடங்களே உள்ளன. மறைந்தபின் அந்த மாவட்டத்தில் கறுப்பர் எவரும் இருக்கலாகாது. எல்லையைக் கடந்து போகலாம், ஆனால் வேகவரம்பை மீறக்கூடாது. கார் நகர்கிறது, ஷெரிஃபின் வண்டி பின்னாலேயே நெருக்கிக்கொண்டு வருகிறது. பல கண்களையுடைய இரவு விலங்குகள் காட்டிலிருந்து வெளிப்படுவது அதற்குப் பிறகுதான். அவை வரும்போது பார்வையாளருக்கு அச்சத்தோடு ஒருவித ஆறுதலும் ஏற்படுகிறது. விலங்குக்கு நிறம் தெரியாது. அது ஷெரிஃபையும் கடிக்கும்.

அக்காட்சியில், விலங்குகளை நீக்கிவிட்டால், கற்பனை என்று சொல்லத்தக்கது மாவட்டத்தின் பெயர் மட்டுமே. ‘சன்டவுன் டவுன்’ எனப்பட்ட ஊர்களைப் பற்றி ஜேம்ஸ் லோவன் 2005இல் வெளியிட்ட ஆய்வு, அவை அமெரிக்காவின் தென்மாநிலங்களைவிட வடக்கிலும் மேற்கிலுமே மிகுந்திருந்தன என்று காட்டியது. ஆபிரகாம் லிங்கனின் மாநிலமான இல்லினாயில் மட்டுமே அத்தகைய ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஊர் எல்லையில் நடப்பட்ட எச்சரிக்கைப் பலகைகளின் தொடரமைப்பு கவனிக்கத்தக்கது. சூரியன் உன்மேல் இங்கே மறையக் கூடாது என்பதே அவற்றின் பொதுவான சாரம். மறைவது சூரியன்; மறையவிடக் கூடாதவர் கறுப்பர். அடிப்பவர், எரிப்பவர், தூக்கிலிடுபவர் எவரும் அத்தொடரில் இல்லை. வன்முறையின் எழுவாய் முழுவதுமாக மறைக்கப்பட்ட வாக்கியம் அது.

தெற்கின் ‘ஜிம் க்ரோ’ ஒழுங்கு வேறுவகையானது. 1830 வாக்கில் முகத்தில் கரி பூசி ஆடிய தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகரின் கேலிப் பாத்திரத்துக்குரிய அப்பெயர், பின்னர் ஒரு சட்டத்தொகுதிக்கே பெயராயிற்று. அங்கே பிரிவினை சட்டநூலிலும் வாயிற்பலகையிலும் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. வடக்கில் அது வழக்கத்திலும் ஒப்பந்தத்திலும் வரைபடத்திலும் ஒளிந்திருந்தது. தொடரின் நாயகன் அட்டிகஸும் அவன் உறவினரும் சிகாகோவிலிருந்து மாசசூசெட்ஸுக்குப் பயணம் போவதால், கதை இந்த இரண்டாம் ஒழுங்கைத் தேர்ந்துகொள்கிறது. இத்தொடரின் வரலாற்றுணர்வில் மிகச் சிறந்த முடிவு அதுவே. எனினும் அப்பயணக் காட்சிகளில் கார்டன் பார்க்ஸ் 1956இல் அலபாமாவில் எடுத்த புகழ்பெற்ற ஒளிப்படங்கள் அப்படியே மீள நடிக்கப்படுகின்றன; பின்னணியில் ஒலிப்பது ஜேம்ஸ் பால்ட்வின் 1965இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரை. 1955இல் நிகழும் கதைக்கு இரண்டுமே பிற்காலத்தவை. காலப்பிழையை மன்னித்துவிடலாம், கலையில் அது குற்றமன்று. ஆனால் தெற்கின் வாயிற்பலகைகளை வடக்கின் சாலையில் நட்டுவிடும்போது, வடக்கு தன் பிரிவினையைப் பலகையே இல்லாமல் நடத்திய திறமை பார்வைக்குத் தப்பிவிடுகிறது.

பலகை இல்லாத இடத்தில்தான் வழிகாட்டி நூல் தேவைப்படும். அட்டிகஸின் தந்தையின் உடன்பிறந்தார் ஜார்ஜ் தொகுக்கும் கையேட்டுக்கு முன்மாதிரி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அஞ்சற்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் தொடங்கிய ‘கிரீன் புக்’. எந்த ஊரில் எந்த விடுதி கறுப்பருக்குப் படுக்கை தரும், எந்த நிலையத்தில் பெட்ரோல் கிடைக்கும், எந்த முடிதிருத்தகத்தில் நுழையலாம் என்ற முகவரிப் பட்டியல்தான் அது. அதில் ஒரு ஊரின் பெயரே இல்லாதிருப்பதும் ஒரு செய்தி. இந்நூல் தேவைப்படாத நாள் வரவேண்டும் என்று தன் முன்னுரையில் விரும்பிய கிரீன் 1960இல் இறந்தார். குடிமை உரிமைச் சட்டம் 1964இல் வந்தது. சில ஆண்டுகளில் நூலும் நின்றது.

தொடரின் மூன்றாம் பகுதி ஒரு பேய்வீட்டுக் கதை. லெட்டி என்ற பெண் சிகாகோவின் வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்குகிறாள். அண்டை வீட்டார் தம் கார்களின் ஒலிப்பான்களைக் கட்டிவைத்து இடையறாது அலறவிடுகிறார்கள்; முற்றத்தில் சிலுவையை எரிக்கிறார்கள். வீட்டுக்குள் இருப்பவையோ, வெள்ளையன் ஒருவன் சோதனைப் பொருளாக்கிக் கொன்ற கறுப்பரின் ஆவிகள். இறுதியில் அவை அவளுக்கே துணைநிற்கின்றன.

உண்மையான சிகாகோவில் அத்தகைய துணை எவருக்கும் வாய்க்கவில்லை. வீட்டுமனைப் பத்திரங்களில் கறுப்பருக்கு விற்பதில்லை என்ற ‘கவெனன்ட்’ எழுதப்பட்டது. தமிழ் விவிலியம் ‘உடன்படிக்கை’ என்று பெயர்க்கும், இறைவனோடு செய்துகொள்ளும் வாக்குறுதிக்குரிய அதே சொல் இங்கே அண்டைவீட்டாரோடு செய்துகொள்ளும் விலக்குக்குப் பயன்பட்டது. 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்சநீதிமன்றம் இவற்றை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று தீர்ப்பளித்தது; எழுதுவதைத் தடுக்கவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1951 ஜூலையில், பேருந்து ஓட்டுநரும் முன்னாள் போர்வீரருமான ஹார்வி கிளார்க் சிகாகோவை ஒட்டிய சிசெரோ நகரில் வாடகைக்குக் குடியேற முயன்றார். ஆயிரக்கணக்கானோர் திரண்டு அடுக்ககத்தைச் சூறையாடினர். குடும்பத்தின் பொருள்கள் சன்னல் வழியே எறியப்பட்டு எரிக்கப்பட்டன. தேசியக் காவற்படை வரவேண்டியதாயிற்று. அதன்பின் கூடிய மாவட்டப் பெருநடுவர் குழு முதலில் குற்றஞ்சாட்டியது கலவரக்காரர்களை அன்று. கிளார்க்குக்காக வாதாடிய வழக்கறிஞரையும் வீட்டு உரிமையாளரையும்தான். அந்தக் குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. எந்தத் திரைக்கதையாசிரியரும் இதை எழுதத் துணிந்திருக்கமாட்டார்.

எட்டாம் பகுதியில் தொடர் கற்பனையின் எல்லையைத் தாண்டி ஒரு உண்மைப் பிணத்தின் முன் வந்து நிற்கிறது. சிகாகோவின் 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில் 1955 ஆகஸ்ட் 28 அன்று மிசிசிப்பியில் கொல்லப்பட்டான். அடையாளம் தெரியாமல் சிதைந்த மகனின் உடலைத் திறந்த பெட்டியில் வைக்கவேண்டும் என்று தாய் மேமி டில் வலியுறுத்தினார்; பல்லாயிரவர் பார்த்தனர்; ‘ஜெட்’ இதழ் படத்தை வெளியிட்டது. தொடரோ முகத்தைக் காட்டாமல், வெயிலில் வரிசையில் நிற்பவர்களின்மேல் கேமராவை நிறுத்துகிறது. 2021இல் வந்த ‘தெம்’ தொடர் 1953இன் காம்ப்டன் நகரில் இதே பொருளைக் கையாண்டு, கறுப்பு உடல்மீதான கொடுமையை விரிவாகக் காட்டிக் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அதனோடு வைத்துப் பார்த்தால் இந்தத் தயக்கம் நாகரிகமானது. ஆனால் தாயின் விருப்பம் நாகரிகமன்று. உலகம் பார்த்தே ஆகவேண்டும் என்பது. காட்டுவதற்கான உரிமை அவருக்கு மட்டுமே இருந்தது என்று கொண்டால் தொடர் செய்தது சரி.

கொலையாளிகள் இருவரையும் வெள்ளை ஆண்கள் மட்டுமே கொண்ட நடுவர் குழு சற்றேறக்குறைய ஒரு மணி நேரத்தில் விடுவித்தது. 2005இல் மறுவிசாரணைக்காக உடல் தோண்டியெடுக்கப்பட்டு வேறு பெட்டியில் அடக்கப்பட்டது. கண்ணாடி மூடிய பழைய பெட்டி, 2009இல் கல்லறைத்தோட்டத்தின் கொட்டகை ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். இப்போது அது வாஷிங்டனிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டு அருங்காட்சியகத்தில் தனியறையில் வைக்கப்பட்டிருக்கிறது.