கோர்சிகாவில் ஒரு கிரேக்க வம்சம்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்குக் கோர்சிகா என்றால் நெப்போலியன்தான். அவர் பிறந்த அஜாக்சியோ நகரிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால், கடலைப் பார்த்த மேட்டில் கார்ஜெஸ் என்று ஓர் ஊர். ஆயிரத்துக்குச் சற்று அதிகமான ஜனம். அந்தச் சின்ன ஊரில் இரண்டு கத்தோலிக்கக் கோயில்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. ஒன்றில் லத்தீன் முறைப் பூசை, மற்றதில் கிரேக்க முறைப் பூசை. இந்தக் கிரேக்கக் கோயில் அங்கே எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள 1675-க்குப் போக வேண்டும்.

கிரேக்க நாட்டின் தென்கோடியில் மானி என்ற மலைப்பகுதி. அதில் வித்திலோ என்ற ஊர். 1669-இல் கிரீட் தீவு துருக்கியர் கைக்குப் போயிற்று. அடுத்து மானியை அடக்க, வித்திலோவுக்குப் பக்கத்திலேயே கோட்டை கட்டினார்கள். போதாததற்கு, ஊருக்குள் ஸ்தெஃபனோபொலி, இயாத்ரானி என்ற இரண்டு பெரிய குடும்பங்களுக்கு இடையே தீராத ரத்தப் பகை. முதலில் இயாத்ரானிகள் ஊரைவிட்டு இத்தாலியில் தொஸ்கானா பக்கம் போனார்கள். பிறகு 1675 அக்டோபரில், ஸ்தெஃபனோபொலி குடும்பத்தார் முன்நிற்க, 700 பேருக்கு மேல் கப்பல் ஏறினார்கள். 1676 ஜனவரியில் ஜெனோவா துறைமுகத்தைத் தொடுவதற்குள் வழியிலேயே பலர் இறந்துபோனார்கள்.

அப்போது கோர்சிகா ஜெனோவாக் குடியரசின் ஆளுகையில் இருந்தது. வந்தவர்களுக்கு அங்கே பவோமியா என்ற இடத்தில் நிலம் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை: பாப்பரசரின் தலைமையை ஏற்க வேண்டும். பூசையும் சடங்கும் பழைய கிரேக்க முறையிலேயே நடக்கலாம். அவர்கள் சம்மதித்து, புதர் மண்டிக் கிடந்த பூமியைத் திருத்தி விளைநிலமாக்கினார்கள்.

கோர்சிகர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தாங்கள் காலங்காலமாக ஆடு மேய்த்த மலைச்சரிவு அது. பிடிக்காத அரசு அதை எடுத்து அந்நியருக்குக் கொடுத்துவிட்டது. 1729-இல் ஜெனோவாவை எதிர்த்துக் கலகம் மூண்டபோது கிரேக்கர்கள் ஜெனோவா பக்கம் நின்றார்கள். 1731-இல் 55 வருட உழைப்பை விட்டுவிட்டு அஜாக்சியோவுக்கு ஓடினார்கள். 1768-இல் தீவு பிரான்சிடம் வந்தது. பிரெஞ்சு ஆளுநர் மார்பஃப் பிரபு கார்ஜெஸில் 120 வீடுகள் கட்டிக்கொடுக்க, 1775-இல் அங்கே குடியேறினார்கள். புரட்சிக் காலத்தில் 1793-இல் மறுபடியும் தாக்குதல், மறுபடியும் அஜாக்சியோ. அண்டை ஊர்ப் பகை ஓய்ந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

வம்சாவளிக் கதை இதற்கு நடுவில் வருகிறது. ஸ்தெஃபனோபொலி குடும்பத்தில் தெமெத்ரியுஸ் என்பவர் பிரெஞ்சு ராணுவத்தில் குதிரைப்படை கேப்டன். தன் குடும்பம் கொம்னென் என்ற பைசாந்தியப் பேரரச வம்சம் என்று அவர் விண்ணப்பம் கொடுத்தார். கருங்கடல் ஓரத்து திரெபிசோந்து ராச்சியத்தின் கடைசி மன்னர் தாவீதை 1463-இல் சுல்தான் பிள்ளைகளோடு கொன்றார் அல்லவா? அதில் ஒரு மகன் தப்பி மானிக்கு வந்தான், அவன் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்றார். 1782-இல் பதினாறாம் லூயி மன்னர் அதை அங்கீகரித்துப் பத்திரமும் கொடுத்துவிட்டார். அப்படி ஒரு மகன் மானிக்கு வந்தான் என்பதற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை; வரலாற்று ஆசிரியர்கள் பின்னாளில் இந்த வம்சாவளியைத் தள்ளிவிட்டார்கள்.

தெமெத்ரியுஸின் சகோதரி மகள்தான் ஜெனரல் ஜுனோவின் மனைவி லோர், அப்ராந்தேஸ் சீமாட்டி. அவர் தன் நினைவுக் குறிப்புகளில் இன்னும் ஒரு படி மேலே போனார். கிரேக்கத்தில் ‘கலோமெரோஸ்’ என்றால் நல்ல பாகம். இத்தாலிய மொழியில் அதுவே ‘புவோனபார்த்தே’. ஆகவே நெப்போலியனும் எங்கள் கிரேக்கர்தான் என்று எழுதிவிட்டார்! பகைக் குடும்பமான இயாத்ரானியும் சளைக்கவில்லை. ‘இயாத்ரோஸ்’ என்றால் வைத்தியர், இத்தாலியில் ‘மெதிச்சி’ என்றாலும் அதே பொருள். ஆகவே தாங்கள் ஃபிளாரன்சை ஆண்ட மெதிச்சி வம்சம் என்று சொல்லிக்கொண்டார்கள். பெயரை மொழிபெயர்த்தால் போதும், ராஜா கிடைத்துவிடுகிறார்.

அரசாங்கப் பதிவேடுகளோடு ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில், எனக்கு இந்தப் பத்திரத்தைவிட ஊர்க்காரர்களின் சாதாரணப் பெயர்கள்தான் சுவையாகப் படுகின்றன. கிரேக்கத்தில் ‘ஆக்கிஸ்’ என்று முடிந்த பெயர்கள், இத்தாலிய மொழியில் எழுதப்பட்டு ‘ஆச்சி’ ஆயின. பாப்பதாக்கிஸ் பாப்பதாச்சி ஆனார். தராகாச்சி, ஃபிரிமிகாச்சி, வொக்லிமாச்சி எல்லாம் இப்படி வந்தவைதான். புதுச்சேரியில் 1881 தெக்ரேவின்படி ரெனோன்சியாசியோன் செய்து புதுக் குடும்பப் பெயர் வாங்கிய வீட்டாருக்கு இது நன்றாகப் புரியும். எத்தா சிவிலில் ஒருநாள் எழுதியதுதான் பேரன் காலத்துக்கும் நிற்கிறது.

தொஸ்கானா போன இயாத்ரானிகள் சில தலைமுறைகளில் உள்ளூர் ஜனங்களோடு கரைந்து போனார்கள். கார்ஜெஸ் மக்களும் நாளடைவில் கோர்சிகரோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டார்கள். 1870-களில் சில குடும்பங்கள் அல்ஜீரியாவில் சிதி மெருவான் என்ற ஊருக்குப் பிழைக்கப் போயின. 1962 சுதந்திரத்துக்குப் பிறகு அவர்களின் வழிவந்தவர்கள் பிரான்சுக்குத் திரும்ப நேர்ந்தது. மொழியும் நிற்கவில்லை. பிள்ளையிலிருந்தே அந்தக் கிரேக்கத்தைப் பேசிய கடைசி மனிதர் 1970-களில் இறந்துபோனார்.

நின்றது கோயில் வழக்கம் ஒன்றுதான். முன்னோர் கப்பலில் கொண்டுவந்த பழைய சாமி படங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. ஒரே சாமியார் ஒரு ஞாயிறு லத்தீன் கோயிலிலும், மறு ஞாயிறு எதிர்க் கோயிலில் கிரேக்க முறையிலும் பூசை வைத்து வந்திருக்கிறார். பாஸ்காவுக்கு மறுநாள் திங்கட்கிழமை படங்களைச் சுமந்து ஊர்வலம் போவார்கள், துப்பாக்கி வேட்டு முழங்கும். ஒரு காலத்தில் இந்தக் கிரேக்கரைச் சுட வந்தவர்களின் வாரிசுகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

பேரப்பிள்ளைகள் நம் வம்சம் என்ன என்று கேட்டால், ராஜா யாராவது அகப்படுவாரா என்று தேட வேண்டாம். பெட்டியிலிருக்கும் ஞானஸ்நானச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, நிலப் பத்திரம், எத்தா சிவில் நகல் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பெயரில் எந்த எழுத்து எந்த வருடம் மாறியது, ஏன் மாறியது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நல்லது.