காகிதக் கேக்: ஐந்து வரிக்கு ஓர் உரை

ஹாங்காங் பேக்கரிகளில், சுற்றிய காகிதத்தோடு நெட்டையாக நிற்கும் சின்னக் கேக் ஒன்று கிடைக்கும். வீட்டில் அதைச் சுட எளிய முறை ஒன்றை ஐந்து வரியில் குறித்திருக்கிறேன். மூலமும் என்னுடையது, உரையும் என்னுடையதே.

“முட்டை 4, சர்க்கரை 100, மாவு 100, எண்ணெய் 2 கரண்டி.”
நூறு என்றது கிராம். பேக்கிங் பவுடர் விட்டுப்போகவில்லை, தேவையே இல்லை. முட்டையில் அடித்து ஏற்றும் காற்றும், சூட்டில் பிறக்கும் நீராவியுமே கேக்கை எழுப்பும். இனி வரும் வரிகளெல்லாம் அந்தக் காற்றுக்குக் காவல். கேக் மாவு கிடைக்காதவர் மைதாவில் 20 கிராமை எடுத்துவிட்டு அதே அளவு கார்ன்ஃப்ளார் சேர்க்கலாம்.

“வெந்நீர்மேல் வைத்து அடி, எழுதினால் நிற்கட்டும்.”
பாத்திரம் நீரைத் தொடலாகாது. கலவை விரலுக்கு வெதுவெதுப்பாக, சுமார் 40 டிகிரி வந்ததும் இறக்கிவிடுக. விட்டால் முட்டைப் பொரியல்தான். இந்தச் சூட்டில் சர்க்கரை கரையும், நுரை சீக்கிரம் கட்டும். எழுதுவதாவது, பீட்டரைத் தூக்கி, வழியும் கலவையாலேயே மேலே ஓர் ‘அ’ போட்டுப் பார்ப்பது. உடனே அமிழ்ந்தால் இன்னும் அடிக்க வேண்டும். நின்றால், கடைசியாகச் சற்று நேரம் வேகத்தைக் குறைத்து அடிக்க. பெருங்குமிழ்கள் உடைந்து நுரை சீராகும். பொறுமை தீர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

“மாவை மூன்று தரமாய்ச் சலித்துப் போடு, கிளறாதே.”
அடியிலிருந்து வாரி மேலே மடித்துப் போடுக. சுற்றிச் சுற்றிக் கலக்கினால் குமிழ் உடையும், மாவும் இழுவைப்பட்டுக் கேக் கடினமாகும். எண்ணெயை நேரே ஊற்றினால் அடியில் போய்த் தங்கும். கொஞ்சம் கலவையில் குழைத்துக் கடைசியில் சேர்க்க.

“காகிதம் அச்சுக்கு மேலே நிற்கட்டும், எண்ணெய் தடவாதே.”
கலவை காகிதத்தைப் பற்றிக்கொண்டுதான் ஏறும். வழுக்கினால் ஏறியதும் இறங்கிவிடும்.

“170 டிகிரி, 20 நிமிடம், திறக்காதே.”
சிறு அச்சுகளுக்கான கணக்கு இது. உள்ளே முட்டை இறுகுமுன் கதவைத் திறந்தால் நடு அமிழும். ஆறும்போது மேல்பக்கம் சுருங்குவது குறையல்ல, கடையில் விற்பதும் அப்படித்தான் இருக்கும். ஓவன் இல்லாத வீட்டில் இதே கலவையை ஆவியில் வேகவைக்கலாம். சீன வீடுகளில் அது பழைய வழக்கம். பொன்னிறம் வராது. மூடியில் துணி கட்டாவிட்டால் நீர் சொட்டி மேலெல்லாம் குழி விழும்.