நனைந்த மருந்தும் வளைந்த வாளும்

விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சீனா என்றதும் பீங்கான்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆங்கிலேயர் படையில் முதலாம் அபினிப் போருக்குக் (1839–42) கப்பலேறிய மதராஸ் சிப்பாய்கள் அந்த நாட்டை வாளும் ஈட்டியுமாகத்தான் பார்த்தார்கள்.

1841 மே 30. கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி கிராமம். 37ஆவது மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி, சுமார் 60 பேர், கொட்டும் மழையில் வழி தவறி வயல்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. தலைமை லெப்டினன்ட் ஹாட்ஃபீல்ட். ஆயிரக்கணக்கில் ஊர்மக்கள் வளைத்துக்கொண்டார்கள். சிப்பாய்களிடம் இருந்தவை தீக்கல் துப்பாக்கிகள். மருந்து நனைந்தால் வெடிக்காது. சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி முனையில் செருகிய சனியன் எனும் கத்திகளை மட்டுமே நம்பி நின்றார்கள். மழையிலும் சுடக்கூடிய கேப் துப்பாக்கிகளோடு கடற்படை வீரர்கள் தேடி வந்த பிறகே மீண்டார்கள். அபினி விற்பதற்காக நடந்த போர் அது. தங்கள் மண்ணைக் காக்கத் திரண்ட அந்த ஊர்மக்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. ஆனாலும் நம் சிப்பாய்களின் நெஞ்சுரத்தை மறைக்க வேண்டியதில்லை.

சீனப் படைவீரனின் வாளுக்கு வருவோம். ஒருபக்கம் மட்டும் கூர் உள்ளதைத் ‘தாவ்’ என்றார்கள். இருபக்கக் கூர் கொண்டது ‘ஜியன்’. அந்தப் படைவீரன் கையில் இருந்தது பெரும்பாலும் தாவ்தான். பிடியிலிருந்து நுனிவரை சீராக வளைந்தால் ‘லியூயெதாவ்’, அதாவது வில்லோ மரத்தின் இலை போன்றது. நெடுக நேராக வந்து நுனியருகே மட்டும் வளைந்தால் ‘யான்மாவ்தாவ்’, வாத்தின் இறகு. இடுப்பில் தொங்குவதால் ‘யாவ்தாவ்’ என்றும் ஒரு பெயர். நம் உடைவாள் மாதிரி. பிரம்புக் கேடயமும் இந்த வாளுமாகப் புலிவேடத்தில் சண்டையிட்ட தனிப்பிரிவே அவர்களிடம் இருந்தது.

இரண்டு விஷயங்களை உற்றுப் பார்க்க வேண்டும். ஒன்று, உறை தொங்கும் விதம். அன்று சீனாவை ஆண்ட மஞ்சு இனத்து வீரன் இடப்பக்கம் தொங்கவிட்ட வாளின் பிடி பின்னோக்கி இருக்கும். அவன் முதலில் வில்லாளி. அம்பு தொடுக்கும் கைக்குப் பிடி இடைஞ்சலாகக் கூடாது. இன்னொன்று அலகு. நல்ல வாள்களில் கூர் விளிம்புக்குக் கடின எஃகு, இருபுறமும் சற்று மென்மையான இரும்பு; சூட்டில் அடித்து ஒன்றாக்கிவிடுவார்கள். கூர் மழுங்காது, வாளும் சட்டென்று ஒடியாது. கொல்லனின் முழுத் திறமையும் அந்த இணைப்பில்தான் இருக்கிறது.

மீண்டும் மதராஸ் சிப்பாய்களுக்கு வருவோம். சீனப் போரில் காட்டிய தீரத்துக்காக 37ஆவது படைக்கு ‘கிரனேடியர்’ பட்டம் கிடைத்தது. 1882இல் படையே கலைக்கப்பட்டது.

கடைசியாக, வாள்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். பழைய குடும்பங்களில் பரணிலோ பூஜை அறையிலோ வாள் இருந்தால், அது எந்த நாட்டு வாளானாலும், துருப்போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கொல்லன் எஃகைச் சேர்த்த தடயம் அதோடு போய்விடும். மெல்லிய எண்ணெய் பூசி, அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் காட்டி விவரம் கேளுங்கள்.